மலிவுக்கு ஒரு காரணம் உண்டு

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்கள் சொந்த ஊரில், சொந்த மொழியில் பத்திரம் எழுதி, பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்து வீடு கட்டியவர்கள். பிழைப்புக்காக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வந்து, சரளமாகப் படிக்கத் தெரியாத மராத்திப் பத்திரத்தை நம்பி ஆயுள் சேமிப்பை எடுத்துக் கொடுக்கும் நம்முடைய பாடு வேறு.

சங்க விழாக்களிலும் கோயில் வாசலிலும் இளம் அன்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சார், பிம்ப்ரி பக்கம் வீடு மலிவாகக் கிடைக்கிறதாமே, வாங்கலாமா?" நான் வழக்கறிஞனும் அல்ல, வீட்டுத் தரகனும் அல்ல. ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பிலும் பாலங்களிலும் காலம் கழித்த டிப்ளமா என்ஜினியர். ஆனாலும் இந்த ஊரில் நீண்ட காலம் வாழ்ந்தவன் என்ற முறையில் என் கருத்தை எழுதுகிறேன். வாங்கலாம், தாராளமாக வாங்கலாம். ஆனால் அந்த வீடு ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்ற காரணத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

பிம்ப்ரி மலிவாக இருப்பதில் வெட்கப்பட ஏதும் இல்லை. இது உழைப்பாளிகளுக்காகவே வளர்ந்த ஊர். 1954-இல் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் இங்கே தொடங்கப்பட்டது. நம் நாட்டின் பென்சிலின் இங்கிருந்துதான் புறப்பட்டது. 1960-களில் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டை வந்தது, டெல்கோ வந்தது, ஆகுர்டியில் பஜாஜ் வந்தது. ஃபிட்டராகவும் டர்னராகவும் ஸ்டெனோவாகவும் நம்மவர்கள் வந்து இறங்கினார்கள். தொழிலாளர் குடும்பங்களுக்கு மனையும் வீடும் கிடைக்க வேண்டும் என்பதற்காக 1972-இல் நவநகர் வளர்ச்சி ஆணையம், நம் பேச்சு வழக்கில் 'பிராதிகரண்', அமைக்கப்பட்டது. 1978-இல் புனே-லோனாவளா லோக்கல் ரயில் ஓடத் தொடங்கியது. 1982-இல் பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகராட்சியாயிற்று. ஆலைத் தொழிலாளியும் எழுத்தரும் வாங்கக்கூடிய வீடு என்பது இந்த ஊரின் பிறவிக் குணம்.

வாங்குவதற்கு முன் இன்னொரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வீடு இங்கேயா, ஊரிலா? நம்மில் பலர் இங்கே வாடகை வீட்டிலோ கம்பெனி குவார்ட்டர்ஸிலோ இருந்துகொண்டு, திருநெல்வேலியிலும் வேலூரிலும் தஞ்சாவூரிலும் வீடு கட்டினார்கள். கடைசிக் காலத்தில் ஊருக்குப் போய்விடலாம் என்ற எண்ணம்தான். அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஊரில் ஒரு கூரை இருந்தால் மனதுக்கு ஒரு தெம்பு. ஆனால் நடப்பதைப் பாருங்கள். பிள்ளை ஹிஞ்சவடியில் வேலை பார்க்கிறான், மருமகள் மகர்பட்டாவில் வேலை பார்க்கிறாள், பேத்தி இங்கே பள்ளியில் மராத்தி படிக்கிறாள். ஊர் வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறோம். வருடம் ஒரு முறை போய் ஒட்டடை அடித்து, தண்ணீர் மோட்டாரைப் பழுது பார்த்து, வரி கட்டிவிட்டுத் திரும்புகிறோம்.

குவார்ட்டர்ஸோ நம்முடையதல்ல. ரயில்வேயிலும் அப்படித்தான், ஆலையிலும் அப்படித்தான். ஓய்வு பெற்ற சில மாதங்களில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அறுபது வயதில் வங்கி வீட்டுக்கடன் எளிதில் தராது. ஆகவே என் கருத்து இதுதான்: முதல் வீடு பிழைக்கும் ஊரில், முப்பது வயதை ஒட்டி. ஊர் வீடு இரண்டாவதாக, கைப்பணத்தில், கடன் இல்லாமல். மாற்றுக் கருத்துள்ள பெரியவர்கள் இருப்பார்கள். அவர்கள் அடுத்த இதழில் எழுதட்டும்.

இனி மலிவுக்கான காரணங்களைப் பார்ப்போம். என் அனுபவத்தில் அவை இரண்டு வகை. ஒன்று தாங்கக்கூடியது, சிரமம் இருக்கும், வீடு நம்முடையதாகவே இருக்கும். மற்றது தாங்க முடியாதது. ஒருநாள் வீடே இல்லாமல் போகலாம்.

தாங்கக்கூடிய காரணங்களில் முதலாவது தூரம். புனே நகரத்துக் கோத்ரூட்டிலோ டெக்கானிலோ வாங்க முடியாத குடும்பம் சிஞ்ச்வட், ஆகுர்டி, தேஹு ரோடு, தளேகாவ் என்று ரயில் பாதையை ஒட்டியே மேற்கே நகர்கிறது. இதில் தவறே இல்லை. ஆனால் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காமல் வண்டி நேரத்தில் அளக்க வேண்டும். புனேக்கும் லோனாவளாவுக்கும் இடையே இரண்டே பாதைகள். மும்பை விரைவு வண்டிகள், சரக்கு வண்டிகள், லோக்கல் எல்லாம் அவற்றிலேயே ஓட வேண்டும். தண்டவாளப் பராமரிப்புக்கும் நேரம் வேண்டும். அதனால்தான் நண்பகலில் லோக்கலுக்கு நீண்ட இடைவெளி விழுகிறது. மூன்றாம், நான்காம் பாதை பற்றிய பேச்சு பல ஆண்டுகளாக இருக்கிறது. காலையில் போய் மாலையில் திரும்புகிறவருக்குக் கவலையில்லை. ஷிஃப்ட் வேலைக்காரரும் கல்லூரி மாணவரும் உள்ள வீடென்றால் கால அட்டவணையை முதலில் பாருங்கள்.

மெட்ரோ விஷயத்திலும் இதே எச்சரிக்கைதான். 2016 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 2022 மார்ச்சில் பிம்ப்ரியிலிருந்து ஃபுகேவாடி வரை ஓடியது. 2023 ஆகஸ்டில் சிவில் கோர்ட் வரை நீண்டது. ஸ்வார்கேட் வரை முழுமையாக ஓடியது 2024 செப்டம்பரில். ஒரு பெரிய வேலைக்கு இது ஆகிற காலம்தான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் 2016-இல் 'மெட்ரோ அருகில்' என்ற விளம்பரத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்தவர், ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் தவணை கட்டிக்கொண்டே பஸ்ஸில் போயிருப்பார். நிக்டி வரை நீட்டிக்க 2023-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. நல்லது. ஆனால் ஓடுகிற வண்டிக்கு விலை கொடுங்கள். வரப்போகிற வண்டிக்குப் பில்டர் கேட்கும் கூடுதல் விலையைக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது காரணம் தண்ணீர். நம் ஊருக்கு முக்கிய நீராதாரம் மாவள் தாலுகாவில் உள்ள பவனா அணை. அணையிலிருந்து ஆற்றில் விடும் தண்ணீரை ராவேத்தில் எடுத்துச் சுத்திகரித்து அனுப்புகிறார்கள். அணையிலிருந்து நேரே குழாய் போட எடுத்த முயற்சியை மாவள் விவசாயிகள் எதிர்த்தனர். 2011 ஆகஸ்ட் 9 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தனர். நாம் குழாயைத் திறக்கும்போது நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது. 2019 நவம்பரில் மாநகராட்சி ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் என்ற முறையைக் கொண்டுவந்தது. தற்காலிகம் என்று தொடங்கிய அது ஆண்டுக் கணக்கில் நீடித்தது. நகரத்தின் ஓரத்தில் எழும்பிய பல புதிய கட்டடங்கள் கோடையில் டேங்கரையே நம்பி நிற்கின்றன. வீடு பார்க்கப் போகும்போது மாதிரி வீட்டின் அலங்காரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். பக்கத்துக் கட்டடத்துக் காவலாளியிடம் நின்று பேசுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் நாளொன்றுக்கு எத்தனை டேங்கர் வருகிறது, அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று கேளுங்கள். பத்து நிமிடப் பேச்சில் உண்மை வந்துவிடும்.

தூரமும் தண்ணீரும் தெரிந்து வாங்கினால் சமாளிக்கலாம். இனிச் சொல்லப் போவது சமாளிக்க முடியாதது.

ரயில்வேப் பாலங்களின் தூண்களில் கோடு போட்டு எழுதியிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அபாய மட்டம் எது, இதுவரை வந்த வெள்ளத்தின் உச்சம் எது என்று குறித்து வைப்பது எங்கள் பிரிவின் கடமை. ஆறு மறந்துபோனாலும் மனிதன் மறக்கக் கூடாது என்பதற்காக. நகரத்துக்கும் அப்படி இரண்டு கோடுகள் உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை எதிர்பார்க்கக்கூடிய வெள்ளம் எட்டும் எல்லை நீலக்கோடு. நூறு ஆண்டுகளுக்கு ஒரு முறை வரக்கூடிய வெள்ளத்தின் எல்லை சிவப்புக்கோடு. நீலக்கோட்டுக்குள் வீடு கட்ட அனுமதி கிடையாது. பவனா, இந்திராயணி, முளா என்று மூன்று ஆறுகள் உள்ள ஊர் இது. ஆற்றங்கரை மனை பார்வைக்கு அழகாக இருக்கும், விலையும் குறைவாக இருக்கும்.

2025 மே 17 அன்று சிகலியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இந்திராயணி ஆற்றின் நீலக்கோட்டுக்குள் கட்டப்பட்ட 36 பங்களாக்களை மாநகராட்சி இடித்துத் தள்ளியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2024-இலேயே உத்தரவிட்டிருந்தது. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. சேமிப்பைப் போட்டுக் கட்டிய வீடுகள் ஒரே நாளில் கல்லும் கம்பியுமாயின. தீர்ப்பு தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஆற்றின் வழியை மறித்தால் மேலே உள்ள குடிசைக்காரன் முழுகுவான். ஆனால் மனையைக் கூறு போட்டு விற்றவனுக்கு முதலிலேயே பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. இடிபாட்டின் முன்னால் நின்றது வாங்கியவர்கள்.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. பதிவு வேறு, அனுமதி வேறு. முத்திரைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பத்திரத்தைப் பதிவு செய்யும் அலுவலகம், 'இன்னார் இன்னாருக்கு விற்றார்' என்பதைத்தான் பதிவு செய்கிறது. அங்கே வீடு கட்டலாம் என்று அது சொல்வதில்லை. மின் இணைப்பு வந்துவிட்டது, சொத்து வரி ரசீது வந்துவிட்டது என்பதும் அனுமதி ஆகாது. அனுமதியில்லாத கட்டடங்களுக்கும் மாநகராட்சி வரி வாங்குகிறது. 'சாஸ்தி கர்' என்ற தண்டனை வரியே அதற்காகத்தான் 2008 முதல் போடப்பட்டது. 2023-இல் அந்தத் தண்டனை வரியை அரசு தள்ளுபடி செய்தது. தள்ளுபடியானது வரிதான், கட்டடம் அதனால் முறையானதாகிவிடவில்லை.

அதுபோலவே 'ரெட் ஸோன்'. தேஹு ரோடு வெடிமருந்துக் கிடங்கைச் சுற்றி 2,000 கஜம், அதாவது ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர், பாதுகாப்புத் துறையின் தடை எல்லை. நிக்டி, தளவடே, ரூபிநகர் பக்கத்தில் சில பகுதிகள் இதில் அடங்கும். அங்கே ஆயிரக்கணக்கானோர் குடியிருக்கிறார்கள், கடை கண்ணி எல்லாம் இருக்கிறது. 'இத்தனை பேர் இருக்கும்போது நமக்கென்ன' என்று தோன்றும். வங்கிக்குப் போய்க் கடன் கேட்டுப் பாருங்கள். வங்கி தயங்கும் இடத்தில் நம் பணத்தைப் போட நாம் ஏன் துணிய வேண்டும்?

மூன்றாவது 'குந்தா' மனை. 40 குந்தா ஒரு ஏக்கர். ஒரு குந்தா 1,089 சதுர அடி, நம் கணக்கில் சரியாக இரண்டரை சென்ட். விவசாய நிலத்தை முறையான மனைப்பிரிவு அனுமதி இல்லாமல் ஒரு குந்தா, அரைக் குந்தா என்று வெட்டி விற்கிறார்கள். சாலைக்கும் சாக்கடைக்கும் இடம் விடுவதில்லை. முறைப்படுத்த 2001-இல் சட்டம் வந்தது, பிறகு தளர்த்தவும் செய்தார்கள். ஆனால் அரசு எப்போதாவது முறைப்படுத்தும் என்ற நம்பிக்கையில் மனை வாங்குவது, டிக்கெட் வாங்காமல் ஏறிப் பரிசோதகரின் இரக்கத்தை நம்புவது போல.

இனி பத்திரங்கள். ஊரில் நமக்குப் பழக்கமானவை பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்றிதழ். இங்கே பட்டாவின் இடத்தில் இருப்பது 'சாத்-பாரா', அதாவது 7/12. கிராமக் கணக்கின் 7-ஆம் படிவமும் 12-ஆம் படிவமும் சேர்ந்தது. உரிமையாளர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். 'இதர ஹக்க' என்ற பத்தியைப் படியுங்கள். அடமானம், குத்தகை உரிமை, வழக்கு எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். 'போகவட்டாதார் வர்க் 2' என்றிருந்தால், அரசு அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாத நிலம் என்று பொருள். வில்லங்கச் சான்றுக்குப் பதிலாக இங்கே வழக்கறிஞர் பதிவேடுகளைப் பார்த்துத் தரும் 'ஸர்ச் ரிப்போர்ட்'. முப்பது ஆண்டுகளுக்குக் கேளுங்கள். வழக்கறிஞரை நீங்களே அமர்த்துங்கள், பில்டர் காட்டுபவரை அல்ல. பிராதிகரண் மனையாக இருந்தால் அது 99 ஆண்டுக் குத்தகை அடிப்படையில் தரப்பட்டது. அந்த ஆணையம் 2021-இல் கலைக்கப்பட்டு, பொறுப்புகள் மாநகராட்சிக்கும் பி.எம்.ஆர்.டி.ஏ.வுக்கும் போயின. மாற்றுவதற்கு யார் அனுமதி, என்ன கட்டணம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னையில் அடுக்குமாடி வீடு வாங்கிப் பழகியவர்கள் இங்கே ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அங்கே நிலத்தில் பிரிபடாத பங்கை நம் பெயரிலேயே எழுதித் தருவார்கள். மகாராஷ்டிரத்தில் வழக்கம் வேறு. வாங்கியவர்கள் சேர்ந்து கூட்டுறவு வீட்டுச் சங்கம், அதாவது சொசைட்டி அமைக்க வேண்டும். பில்டர் நிலத்தையும் கட்டடத்தையும் அந்தச் சொசைட்டி பெயருக்கு எழுதித் தர வேண்டும். இதற்குக் 'கன்வேயன்ஸ்' என்று பெயர். 1963-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இந்தக் கடமை இருக்கிறது. ஆனாலும் பல சொசைட்டிகளுக்கு இது நடக்கவே இல்லை. கட்டடம் பழசாகி இடித்துக் கட்டும் நாள் வரும்போதுதான், நிலம் இன்னும் பில்டர் பெயரிலோ பழைய விவசாயி பெயரிலோ இருப்பது தெரியவரும். 2008-இல் வந்த திருத்தத்தின்படி, பில்டர் தராவிட்டால் கூட்டுறவுத் துறையின் மாவட்டத் துணைப் பதிவாளரிடம் முறையிட்டுச் சொசைட்டியே அதைப் பெறலாம். பழைய ஃபிளாட் வாங்குபவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "கன்வேயன்ஸ் ஆகிவிட்டதா?"

புதிய ஃபிளாட்டென்றால் 2017 மே முதல் நடைமுறையில் உள்ள ரேரா சட்டம் துணை நிற்கிறது. கட்டடத்தின் பதிவு எண்ணை வாங்கி மகாரேரா இணையதளத்தில் நீங்களே பாருங்கள். விலையைக் கார்ப்பெட் பரப்பில்தான் பேச வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பத்து சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. கட்டுமானக் குறை ஐந்து ஆண்டுக்குள் தெரிந்தால் அவர் செலவிலேயே சரி செய்ய வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில், அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்படாமல் கட்டினால் ரேரா பதிவு தேவையில்லை. நம் கைக்கு எட்டும் விலையில் வருபவை பெரும்பாலும் இந்தச் சின்னக் கட்டடங்கள்தான். அவற்றில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். எதுவானாலும் 'போகவடா பத்ர' என்ற குடியேற்றச் சான்றிதழ் இல்லாமல் பால் காய்ச்சாதீர்கள்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 50 லட்சம் ரூபாய் வீடு. 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி 80 சதவீதம் வரைதான் தரலாம். அதாவது 40 லட்சம். மீதி 10 லட்சம் கையிலிருந்து. முத்திரைக் கட்டணம் நம் மாநகராட்சி எல்லையில் 7 சதவீதம், மூன்றரை லட்சம். பெண்கள் பெயரில் மட்டும் வாங்கினால் ஒரு சதவீதம் குறைவு, 50,000 ரூபாய் மிச்சம். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 30,000. கட்டிக்கொண்டிருக்கும் வீடென்றால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், இரண்டரை லட்சம். ஆக, பத்து லட்சம் வைத்திருப்பவருக்குத் தேவை பதினாறு லட்சத்துக்கு மேல். விலை 45 லட்சத்துக்குள்ளும் கார்ப்பெட் பரப்பு 90 சதுர மீட்டருக்குள்ளும் இருந்தால் ஜி.எஸ்.டி. ஒரு சதவீதம்தான், நிறைவுச் சான்று பெற்ற வீட்டுக்கு அதுவும் இல்லை. 40 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டி, இருபது ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 34,700 ரூபாய்க்குச் சற்று மேல். மொத்தம் கட்டுவது 83 லட்சத்தைத் தாண்டும். இதைக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்த பிறகு வீடு பார்க்கக் கிளம்புங்கள்.

கடைசியாக, சற்றுக் கசப்பான ஒன்று. நம்மவர்களில் பலர் பத்திரத்தைப் பார்த்து வாங்குவதில்லை. பேச்சைக் கேட்டு வாங்குகிறார்கள். "நம்ம ஆளு சார், தமிழ்க்காரர், ஏமாற்ற மாட்டார்" என்கிறார்கள். தமிழில் பேசுவது ஒரு சந்தோஷம். அது வில்லங்கச் சான்றாகாது. மராத்தி படிக்கத் தெரியாத கூச்சத்தால்தான் நாம் தமிழ் பேசுகிறவரின் தோளில் சாய்கிறோம். அந்தக் கூச்சத்தைச் சிலர் காசாக்குகிறார்கள்.

இதற்கு மருந்து நம் வீட்டிலேயே இருக்கிறது. இங்கே பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் மராத்தியைத் தண்ணீர்பட்ட பாடாகப் படிக்கிறார்கள். நம் சங்கத்தில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், வங்கியில் ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள், என்னைப் போன்ற பொறியாளர்களும் இருக்கிறோம். செயற்குழுவுக்கு என் வேண்டுகோள்: மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். வீடு வாங்க நினைக்கும் உறுப்பினர் தம் பத்திரங்களின் நகலோடு வரட்டும். 7/12-ஐ ஒரு கல்லூரி மாணவி உரக்கப் படித்துத் தமிழில் சொல்லட்டும். பெரியவர்கள் கேள்வி கேட்கட்டும். முறையான வழக்கறிஞருக்குப் போகும் முன் என்ன கேட்க வேண்டும் என்பதாவது தெரிந்துவிடும். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் சங்கத்துக்கு அவசியம்தான். ஒரு குடும்பத்தின் இருபது வருடத் தவணை நீலக்கோட்டுக்குள் போய் விழாமல் காப்பாற்றினால், அதுவும் சங்கப் பணிதான். முதல் ஞாயிறு நாற்காலி போடவும் அளவு நாடாவோடு வரவும் நான் தயார்.